கொன்ட்ரோல்-எஸ் அடித்தும் ஏன் பதியவில்லை? டெஸ்க்டொப் மென்பொருளில் ஷோர்ட்கட் விசைகளைப் பிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மாசி மாதம், வெள்ளாமை வெட்டு மும்முரமாக நடக்கும் நேரம். சம்மாந்துறையில் ஓர் அரிசி மில் வாசலில் நெல் மூடை ஏற்றிய ட்ரெக்டர்கள் தெருமுனை வரைக்கும் நிற்கின்றன. உள்ளே ஒரு பழைய கணினி, அதில் நான் எழுதிக் கொடுத்த நெல் கொள்வனவுப் பதிவேடு. கல்லடியில் வீட்டிலிருந்த எனக்கு மில் ஹாஜியார் ஃபோன் எடுத்தார்.

"தம்பி, உங்கட புரோகிராம் ஒரு நேரம் பதியுது, ஒரு நேரம் பதியுதில்ல. ஒரு ஆளுக்கு ரெண்டு பில் வருது. ட்ரெக்டர் நம்பர் அடிச்சா தன்பாட்டுல பிரின்ட் ஆகுது. சனம் ஏசுது, கெதியா வாங்க."

"வாறன் ஹாஜியார்" என்று சொல்லிவிட்டு கல்முனை பஸ் ஏறினேன். பஸ்ஸில் வைத்து யோசித்தபோது மூன்றும் வெவ்வேறு பிழைகள் என்றுதான் நினைத்தேன். போய்ப் பார்த்தால் மூன்றுக்கும் ஒரே வேர்: விசை அழுத்தம் மென்பொருளுக்கு எப்படி வந்து சேர்கிறது என்று நான் பிழையாக நினைத்திருந்தது. எஸ் விசையை அழுத்தினால் மென்பொருளுக்கு எஸ் என்ற எழுத்து போய்ச் சேரும் என்று நம்பி முழுவதையும் எழுதியிருந்தேன். விசை வேறு, எழுத்து வேறு. பாடப்புத்தக உதாரணங்கள் எல்லாம் ஆங்கிலத்தில் மட்டும் தட்டச்சு செய்கிறவருக்காக எழுதப்பட்டவை என்பதால் இந்த வித்தியாசம் அங்கே வெளியே தெரியாது. பெயரைத் தமிழிலும் வண்டி இலக்கத்தை ஆங்கிலத்திலும் மாறிமாறி அடிக்கிற நம் ஊர் மேசையில் அரை மணித்தியாலத்திலேயே தெரிந்துவிடும்.

கீழே உள்ளவை லினக்ஸில் பைதன்-டிகின்டரிலும், பிறகு விண்டோஸில் சீ-ஷார்ப்-வின்ஃபோர்ம்ஸிலும் நான் செய்து பார்த்தவை. டிகின்டரும் வின்ஃபோர்ம்ஸும் ஜன்னல், பெட்டி, மெனு அமைத்துத் தரும் நூலகங்கள் (ஆயத்த நிரல் தொகுப்புகள்). இதே வகையான கியூட், டபிள்யூ-பி-எஃப், ஜாவா சுவிங் பற்றித் தேவையான இடத்தில் சொல்கிறேன். கோட் வரும் இடங்களில் தமிழில் போலிநிரல் தருகிறேன். எந்த மொழிக்கும் மாற்றிக்கொள்ளலாம்.

படி 1: முதலில் ஒரு ஒற்றன் ஜன்னல் எழுதுங்கள்

எதையும் திருத்துவதற்கு முன், வருகிற விசை நிகழ்வுகள் அத்தனையையும் வரிவரியாகக் காட்டுகிற ஒரு வெற்று ஜன்னல் எழுதுங்கள். இருபது வரி போதும். விசை அழுந்தியதா விடுபட்டதா, விசை எண், விசைப் பெயர், எழுத்து, துணைவிசைகளின் (ஷிஃப்ட், கொன்ட்ரோல், ஆல்ட்) நிலை என்ற ஐந்தையும் அச்சிட வேண்டும். லினக்ஸில் எக்ஸ் ஜன்னல் முறையில் (திரையையும் விசைகளையும் கவனிக்கும் பழைய அமைப்பு) இருந்தால் எக்ஸ்-இவ் என்ற கருவி இதே வேலையைச் செய்யும். ஆனாலும் சொந்தமாக எழுதிய ஒற்றன் நல்லது. உங்கள் நூலகம் உங்களுக்கு என்ன தருகிறது என்பதை அதுதான் காட்டும். மில்லில் போய் நான் முதலில் செய்ததும் இதைத்தான்.

எஸ் விசையை அழுத்தினால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். விசைப்பலகை அனுப்புவது ஓர் இட எண் மட்டுமே. வழமையான கீபோர்டில் எஸ் இருக்கும் இடத்துக்கு அது 31. மேலே என்ன எழுத்து அச்சடித்திருக்கிறது என்பது கீபோர்டுக்கே தெரியாது. விண்டோஸ் அந்த 31-ஐ எடுத்து, நடப்பிலுள்ள தளக்கோலத்தை (எந்த விசை எந்த எழுத்தைத் தரும் என்ற ஒழுங்கை) பார்த்து, விர்ச்சுவல் கீ எனப்படும் இன்னோர் எண்ணாக மாற்றுகிறது. எஸ்ஸுக்கு அது 83. அதற்குப் பிறகுதான் எழுத்து பிறக்கிறது. ஆங்கிலத்தில் சிறிய எஸ் என்றால் 115. தமிழ்99 தளக்கோலத்தில் அதே விசை இ தரும், யூனிகோடில் 2951. ரெங்கநாதன் தளக்கோலம் என்றால் ள, 2995. கொன்ட்ரோலையும் சேர்த்துப் பிடித்தால் எழுத்தாக வருவது 19.

ஒரே விரல், ஒரே விசை, இத்தனை எண்கள். ஷோர்ட்கட்டைப் பிடிக்கிறோம் என்றால் இவற்றில் எதைப் பிடிக்கிறோம்?

பாமினியில் தட்டச்சு செய்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வியே வந்திருக்காது. பாமினி ஓர் எழுத்துரு மட்டும்தான். கணினியைப் பொறுத்தவரை அங்கே அடிப்பது ஆங்கில எழுத்து, திரையில் தெரியும் முகம்தான் தமிழ். அதனால் பாமினியில் கொன்ட்ரோல்-எஸ் ஒருநாளும் தவறியதில்லை. யூனிகோடுக்கு மாறியபோதுதான் விசை உண்மையிலேயே தமிழ் எழுத்தைத் தரத் தொடங்கியது, என்னுடையதைப் போன்ற அரைகுறைப் புரோகிராம்கள் விழத் தொடங்கின.

படி 2: அழுந்தும் நிகழ்வைப் பிடியுங்கள், எழுத்து நிகழ்வை விடுங்கள்

வின்ஃபோர்ம்ஸில் கீ-டவுன், கீ-பிரஸ், கீ-அப் என்று மூன்று நிகழ்வுகள் வரும். பெயரைப் பார்த்தால் கீ-பிரஸ்தான் விசை அழுத்தம் என்று தோன்றும். அது எழுத்து பிறந்த பிறகு வரும் செய்தி. எஃப்-விசைகளுக்கும் அம்புக்குறி விசைகளுக்கும் அது வரவே வராது, அவை எழுத்து எதையும் தருவதில்லை.

கொன்ட்ரோலோடு சேர்த்தால் இன்னும் மோசம். கொன்ட்ரோல் விசை டெலிபிரின்டர் காலத்துச் சொத்து. எழுத்து எண்ணின் மேல் பிட்களை (0, 1 இலக்கங்களை) அழித்துவிட்டு 1 முதல் 26 வரையான கட்டுப்பாட்டு எண்ணாக மாற்றுவது அதன் வேலை. எஸ் பத்தொன்பதாவது எழுத்து, ஆகவே 19. எச் எட்டாவது, ஆனால் 8 என்பது பின்னழி விசையின் எண். ஐ ஒன்பதாவது, 9 என்பது டாப். எம் பதின்மூன்றாவது, 13 என்பது என்டர். கொன்ட்ரோல்-எம் அழுத்தினாரா என்டர் அழுத்தினாரா என்பதை எழுத்து நிகழ்வை வைத்து நீங்கள் கண்டுபிடிக்கவே முடியாது. ஆகவே ஷோர்ட்கட் என்றால் கீ-டவுன்தான்.

விண்டோஸில் ஆல்ட் சேர்ந்த அழுத்தங்கள் சிஸ்-கீ-டவுன் என்ற தனிச் செய்தியாக வரும். எஃப்10-உம் அப்படியே, அது மெனுவைத் திறப்பதற்கென்று வைத்த விசை. டபிள்யூ-பி-எஃப்பில் ஆல்ட்-பி அழுத்தினால் கீ என்ற இடத்தில் பி இருக்காது, சிஸ்டம் என்று இருக்கும். உண்மையான விசை சிஸ்டம்-கீ என்ற இன்னோர் இடத்தில் கிடக்கும். இதில் அரைநாள் தொலைத்தவர்கள் பலர், நானும் ஒருவன்.

படி 3: துணைவிசைகளை நீங்களே கணக்கு வைக்காதீர்கள்

ட்ரெக்டர் நம்பர் அடித்தால் தன்பாட்டில் பிரின்ட் ஆன கதை இங்கேதான் வருகிறது. நான் எழுதியிருந்தது ஏறக்குறைய இப்படி:

ஆல்ட் அழுந்தினால்: ஆல்ட்_பிடித்திருக்கிறது = ஆம்
ஆல்ட் விடுபட்டால்: ஆல்ட்_பிடித்திருக்கிறது = இல்லை
பி அழுந்தினால்: ஆல்ட்_பிடித்திருக்கிறது என்றால் பற்றுச்சீட்டை அச்சிடு

பார்க்க ஒரு குற்றமும் இல்லை. இப்போது ஒபரேட்டர் கல்குலேட்டருக்குப் போக ஆல்ட்-டாப் அடிக்கிறார். ஆல்ட் அழுந்திய செய்தி என் ஜன்னலுக்கு வந்துவிட்டது. விரலை எடுக்கும்போது ஃபோகஸ் (அடிக்கும் விசைகளை வாங்கும் இடம்) கல்குலேட்டரிடம் இருக்கிறது, ஆகவே விடுபட்ட செய்தி அங்கே போய்விட்டது. என் மாறியில் ஆல்ட் அழுந்தியபடியே நிற்கிறது. அவர் திரும்பி வந்து வண்டி இலக்கத்தை அடிக்கிறார். மாகாண எழுத்துள்ள பழைய கிழக்கு மாகாண இலக்கத்தகட்டில் முதலில் ஈ, அடுத்தது பி. பி விழுந்ததும் பிரின்டர் ஓடுகிறது. வடமத்திய மாகாண வண்டி (என்-சி) வந்திருந்தால் பிழை தெரிந்தே இருக்காது.

துணைவிசை பிடித்திருக்கிறதா என்பதை இயங்குதளத்திடம் கேளுங்கள், நினைவில் வைத்திருக்காதீர்கள். ஒவ்வொரு விசை நிகழ்வோடும் அந்த நேரத்துத் துணைவிசை நிலை சேர்ந்தே வருகிறது. நேரடி விண்டோஸ் நிரலாக்கத்தில் கெட்-கீ-ஸ்டேட் என்று கேட்கலாம், அது அந்தச் செய்தி உருவான நேரத்து நிலையைச் சொல்லும். கெட்-அசிங்க்-கீ-ஸ்டேட் இந்தக் கணத்து நிலையைச் சொல்லும். ஷோர்ட்கட்டுக்கு முன்னதுதான் சரி. கணினி மந்தமாகி செய்திகள் வரிசையில் தேங்கினால், பின்னதைக் கேட்கும் நேரத்தில் ஒபரேட்டர் விரலை எடுத்திருப்பார்.

நிலையைக் கேட்டாயிற்று, எப்படி ஒப்பிடுவது? இங்கேயும் ஒரு குழி. எக்ஸ் ஜன்னல் முறையில் நிலை என்பது பிட்களின் கூட்டுத்தொகை: ஷிஃப்ட் 1, கெப்ஸ்-லொக் 2, கொன்ட்ரோல் 4, ஆல்ட் வழமையாக 8, நம்-லொக் வழமையாக 16. "நிலை 4-க்குச் சமமா?" என்று நான் ஓரிடத்தில் கேட்டிருந்தேன். வீட்டில் என் மடிக்கணினியில் அருமையாக வேலை செய்தது. மில்லில் நிறை அடிப்பதற்காக நம்-லொக் எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். அங்கே கொன்ட்ரோல் பிடித்தால் வருவது 4 இல்லை, 20.

ஆகவே லொக் பிட்களை முதலில் வடிகட்டிவிட்டு மிச்சத்தை ஒப்பிட வேண்டும்:

தேவையானவை = நிலை & (ஷிஃப்ட் | கொன்ட்ரோல் | ஆல்ட்)
தேவையானவை == கொன்ட்ரோல் என்றால் தொடர்க

இரண்டாவது வரியில் சமக்குறி முக்கியம். கொன்ட்ரோல் பிட் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் கொன்ட்ரோல்-ஷிஃப்ட்-எஸ்ஸும் சாதாரணப் பதிவாக ஓடிவிடும்.

டிகின்டரை விண்டோஸுக்குக் கொண்டுபோனால் இன்னொரு வேடிக்கை. அங்கே 8 என்பது நம்-லொக், ஆல்ட்டின் எண் 131072. லினக்ஸில் எழுதிய "8 இருந்தால் ஆல்ட்" என்ற வரி விண்டோஸில் நம்-லொக் எரியும்போதெல்லாம் ஆல்ட் பிடித்திருப்பதாகவே நம்பும். வின்ஃபோர்ம்ஸில் இந்தத் தொல்லை இல்லை. நிகழ்வோடு வரும் கீ-டேட்டா என்ற எண்ணில் லொக் நிலைகள் சேர்வதில்லை, ஆகவே கொன்ட்ரோல் 131072-ஐயும் எஸ் 83-ஐயும் சேர்த்து 131155 என்று நேராகவே ஒப்பிடலாம். எண்ணை மனப்பாடம் செய்யத் தேவையில்லை, கீஸ் பட்டியலின் பெயர்களை எழுதினால் போதும்.

கொன்ட்ரோல்-ஆல்ட்-எழுத்து என்ற வகையையே தவிர்த்துவிடுங்கள். விண்டோஸ், ஆல்ட்-ஜிஆர் விசையை (ஐரோப்பியக் கீபோர்டுகளில் வலப்பக்க ஆல்ட்) கொன்ட்ரோலும் ஆல்ட்டும் சேர்ந்ததாகவே காட்டும். ஜேர்மனியிலிருந்து மச்சான் அனுப்பிய லப்டொப்கள் மட்டக்களப்பில் எத்தனை வீடுகளில் இருக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். ஜேர்மன் தளக்கோலத்தில் மின்னஞ்சல் முகவரியின் அட் குறியை ஆல்ட்-ஜிஆர்-கியூ என்று அடிப்பார்கள். கொன்ட்ரோல்-ஆல்ட்-கியூவை வெளியேறும் விசையாக வைத்திருந்தீர்களானால், மின்னஞ்சல் அடிக்கப் போனவரின் முன்னால் புரோகிராம் மூடிக்கொள்ளும்.

படி 4: தளக்கோலம் மாறினாலும் விசை தப்பக்கூடாது

ஹாஜியாரின் முதல் முறைப்பாடு இது. ஒபரேட்டர் விவசாயியின் பெயரைத் தமிழில் அடித்துவிட்டு, தளக்கோலத்தை ஆங்கிலத்துக்கு மாற்றாமலே கொன்ட்ரோல்-எஸ் அழுத்தினால் பதிவதில்லை. கடைசியாக வண்டி இலக்கத்தை அடித்துவிட்டு அழுத்தினால் பதிகிறது. "ஒரு நேரம் பதியுது, ஒரு நேரம் பதியுதில்ல" என்று அவர் சொன்னது துல்லியமான விவரணை.

டிகின்டரில் கொன்ட்ரோல்-எஸ் என்று கட்டும்போது (ஒரு விசையை ஒரு வேலையோடு இணைக்கும்போது) நீங்கள் கேட்பது விசைப் பெயரை. லினக்ஸில் தமிழ்99 தளக்கோலம் நடப்பில் இருந்தால் அந்த விசையின் பெயர் எஸ் இல்லை, இ. கட்டு பொருந்தாது. இதன் தம்பி ஒருவரும் உண்டு: கெப்ஸ்-லொக் எரிந்தால் பெயர் பெரிய எஸ் ஆகிவிடும், சிறிய எஸ்ஸுக்கு மட்டும் போட்ட கட்டு அப்போதும் பொருந்தாது. அதற்கு இரண்டையும் கட்டிவிட்டால் தீர்ந்தது.

தமிழுக்கு என்ன செய்வது? நான் செய்தது, பெயர் பொருந்தாவிட்டால் இட எண்ணைப் பார்ப்பது. லினக்ஸில் எஸ் இடத்தின் எண் 39, அதாவது 31-உடன் 8 கூட்டியது.

கொன்ட்ரோல் மட்டும் பிடித்து ஒரு விசை அழுந்தினால்:
    பெயர் லத்தீன் எழுத்தா? அப்படியானால் பெயரை வைத்துத் தேடு
    இல்லையென்றால்: இட எண்ணை ஆங்கிலத் தளக்கோல அட்டவணையில் போட்டு எழுத்தை எடு, அதை வைத்துத் தேடு

இந்த வரிசையை மாற்ற வேண்டாம். எடுத்த எடுப்பில் இட எண்ணை மட்டும் பார்த்தால் மச்சானின் ஜேர்மன் லப்டொப் மறுபடி கழுத்தைப் பிடிக்கும். அதில் ஒய்யும் இசட்டும் இடம் மாறியிருக்கும். கொன்ட்ரோல்-இசட் என்று பார்த்து அழுத்துகிறவருக்கு கொன்ட்ரோல்-ஒய் நடக்கும், செய்ததை அழிக்கப் போய் அழித்ததை மீட்டுவிடுவார். மேலே அச்சடித்த லத்தீன் எழுத்துக்கு முதலிடம், லத்தீன் எழுத்தே இல்லாத தளக்கோலம் என்றால்தான் இடத்துக்கு மதிப்பு. கியூட்டும், லினக்ஸில் புழங்கும் இன்னொரு நூலகமான ஜி-டி-கேயும் இதைப் போன்ற மாற்றுத் தேடலை உள்ளேயே வைத்திருக்கின்றன. விண்டோஸில் விர்ச்சுவல் கீயை ஒப்பிட்டால் பெரும்பாலும் பிரச்சினையே வராது, தமிழ்த் தளக்கோலத்திலும் அந்த இடத்துக்கு 83 என்றே வைத்திருப்பார்கள். இடத்தை மட்டும் பார்ப்பது விளையாட்டு மென்பொருளுக்குச் சரி, அங்கே விரல் எங்கே கிடக்கிறது என்பதுதான் கேள்வி.

ஒலிப்புமுறையில் ஆங்கிலத்தில் அடித்துத் தமிழாக மாற்றும் உள்ளீட்டுக் கருவிகள் இன்னொரு சாதி. சொல் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும்போது விண்டோஸ் உங்களுக்கு உண்மையான விசையைத் தராது, 229 என்ற எண்ணைத் தரும். கருவி இந்த விசையை எடுத்துக்கொண்டது, நீ தலையிடாதே என்று பொருள். டபிள்யூ-பி-எஃப்பில் ஐ-எம்-ஈ-பிராசஸ்ட் என்று வரும். அதைக் கண்டால் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். பரிந்துரைச் சொல்லைத் தேர்வதற்காக ஒபரேட்டர் அழுத்திய என்டரை "பதி" என்று எடுத்துக்கொண்டால் விவசாயியின் பெயர் பாதியில் நிற்கும்.

என்னைக் கேட்டால், தமிழில் தரவு அடிக்கிற மென்பொருளுக்கு எஃப்-விசைகளே நிம்மதி. எந்தத் தளக்கோலத்திலும் எஃப்9 எஃப்9தான். மில்லில் இப்போது பதிய எஃப்9, புதிய பதிவுக்கு எஃப்2. எஃப்1-ஐ உதவிக்கு விட்டுவிடுங்கள், எஃப்10-இன் கதையை மேலே சொன்னேன். சில லப்டொப்களில் எஃப்-விசை வரிசை ஒலி, வெளிச்சம் கூட்டிக் குறைக்கும் வரிசையாக இருக்கும், எஃப்-என் விசையையும் சேர்த்துப் பிடித்தால்தான் எஃப்9 வரும். எஃப்-என் விசை பெரும்பாலும் கீபோர்டுக்குள்ளேயே முடிந்துவிடுவதால் அதை உங்கள் புரோகிராமால் பார்க்கவும் முடியாது. கொன்ட்ரோல்-எஸ்ஸையும் சேர்த்தே வைத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

படி 5: செய்தி யாருடைய காதில் விழுகிறது?

விசை நிகழ்வு ஜன்னலுக்குப் போவதில்லை, அதற்குள் ஃபோகஸ் வைத்திருக்கும் பெட்டிக்குப் போகிறது. ஃபோர்மின் (வின்ஃபோர்ம்ஸில் ஜன்னலுக்குப் பெயர் அது) கீ-டவுனில் எழுதிய கோட், பெயர்ப் பெட்டியில் கர்சர் நிற்கும்போது ஓடாமல் இருப்பது இதனால்தான்.

வின்ஃபோர்ம்ஸில் கீ-பிரிவியூ என்ற பண்பை ஆம் என்று வைத்தால் பெட்டிகளுக்கு முன் ஃபோர்ம் கேட்கும். ஆனாலும் டாப், அம்புக்குறி போன்றவை ஃபோகஸை நகர்த்தும் வேலைக்கு முன்பே பிடிபட்டுவிடும். ஆகவே நான் எப்போதும் பிராசஸ்-சிஎம்டி-கீ என்ற செயற்கூறை மேலெழுதுகிறேன், அதாவது நூலகத்தினதுக்குப் பதிலாக என்னுடையதை வைக்கிறேன். அது எல்லோருக்கும் முன் ஓடும். நீங்கள் கையாண்டால் உண்மை என்று திருப்பி அனுப்புங்கள், கையாளாவிட்டால் மூலச் செயற்கூறையே கூப்பிடுங்கள். அதை மறந்தால் மற்ற மெனு ஷோர்ட்கட்கள் அத்தனையும் ஊமையாகிவிடும்.

டபிள்யூ-பி-எஃப்பில் பிரிவியூ-கீ-டவுன் மேலிருந்து கீழே இறங்கும், கீ-டவுன் கீழிருந்து மேலே ஏறும். ஜாவா சுவிங்கில் கீ-லிசனரை விட்டுவிட்டு இன்புட்-மெப், எக்ஷன்-மெப் இணையைப் பயன்படுத்துங்கள், அதில் "இந்த ஜன்னலில் எங்கே ஃபோகஸ் இருந்தாலும்" என்ற தெரிவு உண்டு.

டிகின்டரில் வரிசை இப்படிப் போகும்: பெட்டி, பெட்டியின் வகுப்பு, ஜன்னல், கடைசியில் எல்லோருக்குமானது. ஜன்னலில் கொன்ட்ரோல்-ஓ கட்டி கோப்பைத் திறக்க வைத்தால், கோப்பும் திறக்கும், குறிப்புப் பெட்டியில் ஒரு வெற்று வரியும் விழும். டெக்ஸ்ட் பெட்டியின் வகுப்பே கொன்ட்ரோல்-ஓவுக்குப் புதிய வரி என்று ஈமாக்ஸ் என்ற பழைய எழுத்துத் தொகுப்பானின் பாணியில் பொருள் வைத்திருக்கிறது, வரிசையில் அது உங்களுக்கு முன்னால் நிற்கிறது. அந்தப் பெட்டியிலேயே நேரடியாகக் கட்டி, பிரேக் என்று திருப்பி அனுப்பினால்தான் நிற்கும்.

இவ்வளவு மல்லுக்கட்ட விருப்பமில்லையென்றால் ஷோர்ட்கட்டை மெனுவில் தொங்கவிடுங்கள். வின்ஃபோர்ம்ஸில் மெனு உருப்படியின் ஷோர்ட்கட்-கீஸ், கியூட்டில் கியூ-எக்ஷன், நேரடி விண்டோஸ் நிரலில் எக்ஸலரேட்டர் அட்டவணை. விசை தானாகப் பிடிபடும், மெனுவில் பெயருக்குப் பக்கத்தில் எழுத்தும் தெரியும், மெனு உருப்படி மங்கியிருந்தால் விசையும் செயல்படாது. கியூட்டில் கொன்ட்ரோல் என்று எழுதினால் மெக்கில் அதுவே கொமாண்ட் விசையாகிவிடும். டிகின்டர் மெனுவின் எக்ஸலரேட்டர் மட்டும் ஏமாற்றும். அது வெறும் எழுத்துதான், கட்டை நீங்களே போட வேண்டும்.

படி 6: அழுத்திப் பிடித்தால் எத்தனை தரம்?

இரண்டு பில் வந்த கதை. விசையை விடாமல் பிடித்தால் சிறு தாமதத்துக்குப் பிறகு இயங்குதளம் அதையே திரும்பத் திரும்ப அனுப்பும். விண்டோஸில் அந்தத் தாமதம் அமைப்பைப் பொறுத்து கால் விநாடி முதல் ஒரு விநாடி வரை. வயதான கை கொஞ்சம் அழுத்திப் பிடிக்கும், அவ்வளவுதான் விஷயம்.

விண்டோஸ் கீ-டவுன் செய்தியின் கூட்டுத் தகவலில் 30-ஆவது பிட் 1 என்றால் விசை முன்பே அழுந்தியிருந்தது, இது மறு அனுப்பல். டபிள்யூ-பி-எஃப்பில் இஸ்-ரிபீட், கியூட்டில் இஸ்-ஓட்டோ-ரிபீட் என்று கேட்கலாம். எக்ஸ் ஜன்னல் முறையில்தான் சிக்கல். அங்கே மறு அனுப்பல் ஒவ்வொன்றும் "விடுபட்டது, அழுந்தியது" என்ற சோடியாக வரும். "விடுபடும்வரை இரண்டாவதை எடுக்காதே" என்று கொடி (ஆம்/இல்லை அடையாளம்) வைத்தால் அந்தப் பொய்யான விடுபடல் கொடியை இறக்கிவிடும். நானும் கொடி வைத்தேன், இரண்டு பில் மூன்றாகவில்லை என்பது மட்டும் ஆறுதல்.

கடைசியில் விசையைக் காவல் காப்பதை விட்டுவிட்டு வேலையைக் காவல் காத்தேன். பதிவு ஒன்று சேமிக்கப்பட்டு பற்றுச்சீட்டும் அச்சானதும் அதன் நிலை "முடிந்தது" ஆகும். முடிந்த பதிவை மறுபடி அச்சிட வேண்டுமானால் மறுபிரதி என்ற தனிக் கட்டளை. விசை பத்துத் தரம் வந்தாலும் சீட்டு ஒன்றுதான். பணம் தொடர்பான எந்தக் கட்டளைக்கும் இதையே செய்யுங்கள். மறுபுறம், பட்டியலில் கீழே நகர்வது போன்றவற்றுக்கு மறு அனுப்பல் வேண்டும், அதை முழுவதுமாக அடைத்துவிட வேண்டாம்.

படி 7: எல்லாவற்றையும் ஓர் அட்டவணையில்

ஆங்காங்கே "இந்த விசை என்றால் இது" என்று எழுதிக்கொண்டே போனால் ஆறு மாதத்தில் இரண்டு கட்டளைகள் ஒரே விசையில் மோதும். ஓரிடத்தில் எழுதுங்கள்:

"பதி" → எஃப்9, கொன்ட்ரோல்+எஸ்
"புதிது" → எஃப்2
"அச்சிடு" → கொன்ட்ரோல்+பி
"மறுபிரதி" → கொன்ட்ரோல்+ஷிஃப்ட்+பி

புரோகிராம் தொடங்கும்போது இந்த அட்டவணையை ஒரு தரம் ஓடிப் பாருங்கள். ஒரே சேர்க்கை இரண்டு தரம் வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திச் சொல்லட்டும். கியூட் இப்படி மோதும்போது இரண்டையும் ஓட்டாது, குழப்பம் என்று தனிச் சமிக்ஞை மட்டும் தரும். அதைக் கவனிக்காதவருக்கு "ஷோர்ட்கட் செத்துப்போச்சு" என்றுதான் தெரியும். ஆல்ட்-பியை நான் கொன்ட்ரோல்-பி ஆக்கியதையும் கவனித்திருப்பீர்கள். ஆல்ட்-எழுத்து மெனுக்களுக்கு உரியது.

படி 8: வேறு ஜன்னலில் இருக்கும்போதும் கேட்க வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். வேண்டும் என்றால் விண்டோஸில் ரெஜிஸ்டர்-ஹொட்கீ என்ற செயற்கூறு உண்டு. வேறொரு புரோகிராம் அதே சேர்க்கையை ஏற்கெனவே பதிந்திருந்தால் அது தோல்வி என்று திருப்பி அனுப்பும், அந்த விடையைக் கட்டாயம் பாருங்கள். மறு அனுப்பல் வேண்டாம் என்று சொல்லும் கொடியும் விண்டோஸ் 7 முதல் உண்டு. எஃப்12 பிழைதிருத்திக்கென்று ஒதுக்கப்பட்டது, அதைத் தொடாதீர்கள். எக்ஸ் ஜன்னல் முறையில் எக்ஸ்-கிரப்-கீ, அங்கே கெப்ஸ்-லொக், நம்-லொக் எரிவது அணைவது என்று நான்கு விதமாகவும் பதிய வேண்டும். எக்ஸின் இடத்துக்கு வேலண்ட் என்ற புதிய அமைப்பு வந்த பிறகு புரோகிராம்கள் தாமாக இப்படிப் பிடிக்க முடியாது, டெஸ்க்டொப்பிடம் போர்ட்டல் வழியாகக் கேட்க வேண்டும். மெக்கில் 2019-இல் வந்த கெட்டலீனா முதல், மற்ற ஜன்னல்களின் விசைகளை உற்றுக்கேட்கும் புரோகிராமுக்குப் பயனரின் வெளிப்படையான அனுமதி தேவை.

விசைப்பலகைக் கொக்கி என்று ஒன்று விண்டோஸில் உண்டு. எல்லா விசைகளையும், பக்கத்து ஜன்னலில் அடிக்கும் கடவுச்சொல் உட்பட, அது கேட்கும். எதிர்நச்சு மென்பொருள் அதைக் கண்டு உறுமினால் குற்றம் சொல்ல முடியாது. ஷோர்ட்கட்டுக்காக அதைப் போடாதீர்கள். போட்டாலும் கொன்ட்ரோல்-ஆல்ட்-டெலிட் கைக்கு வராது, விண்டோஸ் அதைத் தனக்கென்று வைத்திருக்கிறது. 1981-இன் ஐ-பி-எம் பீசியில் டேவிட் பிராட்லி மறுதொடக்கத்துக்காக வைத்த சேர்க்கை அது. தவறுதலாக ஒரு கை பட்டு நடந்துவிடக் கூடாதென்றே விசைகளை எட்டத்தில் தேர்ந்தெடுத்தார்.

படி 9: மில்லில் வைத்துச் சோதியுங்கள்

வீட்டு மேசையில் சோதித்தது போதாது என்பதை நம்-லொக் எனக்குச் சொல்லித்தந்தது. ஒவ்வொரு ஷோர்ட்கட்டையும் நம்-லொக், கெப்ஸ்-லொக் எரியவிட்டு அழுத்துங்கள். தமிழ், ஆங்கிலம் இரண்டு தளக்கோலத்திலும் அழுத்துங்கள். சொல் பாதியில் நிற்கும்போது அழுத்துங்கள். மூன்று விநாடி பிடித்துக்கொண்டே இருங்கள். ஆல்ட்-டாப் அடித்து வேறு ஜன்னலுக்குப் போய்த் திரும்பி, வெறும் எழுத்துகளை அடித்துப் பாருங்கள். ஷிஃப்ட்டை ஐந்து தரம் தட்டி விண்டோஸின் ஒட்டுவிசை வசதியைப் போட்டுவிட்டு, கொன்ட்ரோலை அழுத்தி விட்டு பிறகு எஸ் அழுத்துங்கள். ஒரு கையால் மட்டும் வேலை செய்கிறவர்கள் அப்படித்தான் அடிக்கிறார்கள். படி 3-இல் சொன்னபடி நிலையைக் கேட்டு எழுதியிருந்தால் இது தானாகவே சரியாக வரும்.

மலிவான கீபோர்டில் இரண்டு எழுத்து விசைகளைச் சேர்த்துப் பிடித்து மூன்றாவதை அழுத்தினால் சில வேளை அது போய்ச் சேராது, உள்ளே கம்பிகள் கட்டம் கட்டமாக ஓடுவதால் வரும் குறை. துணைவிசையோடு ஓர் எழுத்து என்ற அளவில் நிறுத்திக்கொண்டால் இது உங்களைத் தொடாது.

அன்று பின்னேரம் மூன்றையும் திருத்தி முடித்தபோது வெளியே இன்னும் ஏழெட்டு ட்ரெக்டர்கள் நின்றன. ஹாஜியார் தானே வந்து உட்கார்ந்து, ஒரு பெயரைத் தமிழில் அடித்து, எஃப்9-ஐ அழுத்தி, நான் சொல்லாமலே அதைப் பிடித்துக்கொண்டே இருந்தார். ஒரு பில் வந்தது. பிரின்டரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இனி விடலாமா தம்பி?" என்று கேட்டார்.